நாமும் நாங்களும்

அரசியல் சட்டத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காருகிறவனுக்கு முதல் சொல்லிலேயே சங்கடம் காத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசியத்திலும் ஒரே சொல்லில் முடிந்துபோகிற காரியம் தமிழில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நாம், நாங்கள். கேட்பவனையும் சேர்த்துக்கொண்டு பேசுவது ஒன்று. அவனை எதிரே நிறுத்திப் பேசுவது மற்றது. இந்திய அரசியல் சட்டத்தின் முகப்புரையைத் தமிழாக்கியவர்கள் 'இந்திய மக்களாகிய நாம்' என்று போட்டார்கள். வேறு எப்படியும் போட்டிருக்க முடியாதுதான். ஆனால் மனு எழுதுகிறவன் அப்படி எழுதுவதில்லை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போய்ப் பாருங்கள். 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை' என்றுதான் இருக்கும். 'நம் ஊருக்கு' என்று கலெக்டருக்கு எழுதினால் ஒன்று மரியாதைக் குறைவு, அல்லது எழுதியவனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை.

மக்களைக் கேட்டு அரசியல் சட்டம் எழுதுவது என்று உலகத்தில் சுமார் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் காரியத்தை நான் இந்த இலக்கணப் பிரச்னையாகவே பார்க்கிறேன். லட்சக்கணக்கான 'நாங்கள்' ஒரு கட்டிடத்துக்குள் தபாலில் போய்ச் சேருகின்றன. சில மாதங்களோ சில வருஷங்களோ கழித்து அந்தக் கட்டிடத்திலிருந்து ஒரே ஒரு 'நாம்' வெளியே வருகிறது. இடையில் என்ன நடந்தது? இது அரசியல் விஞ்ஞானிகளின் கேள்வி என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்ளக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிரதி எப்படி உருவாயிற்று, அதில் பேசுவது யார், பேசாமல் போனது யார் என்பது விமர்சகனுடைய கேள்வி. அதை அரசியல் விஞ்ஞானி தன்னுடைய கருவிகளோடு கேட்க வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அப்படி வந்த ஒருவரின் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அலெக்ஸாண்டர் ஹட்சன் என்ற இளம் ஆய்வாளரின் நூல், 2021ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தலைப்பைத் தமிழில் 'பங்கேற்பு என்னும் திரை' என்று சொல்லலாம். தென்னாப்பிரிக்கா, பிரேசில், ஐஸ்லாந்து என்ற மூன்று தேசங்களில் ஜனங்கள் எழுதியனுப்பிய யோசனைகளை ஒரு பக்கமும், கடைசியில் உருவான சட்டப் பிரதிகளை மறுபக்கமும் வைத்து, எது எதற்குள் போயிற்று என்று பார்த்திருக்கிறார். அவர் வந்து சேரும் முடிவு சுலபமானது, கசப்பானது. கட்சிகள் பலமாக இருக்கும் இடத்தில் ஜனங்களின் கடிதத்துக்கு மதிப்பில்லை. கட்சிகள் பலவீனமாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் மதிப்பு உண்டு. தென்னாப்பிரிக்கா முதல் கோடி, ஐஸ்லாந்து மறு கோடி, பிரேசில் நடுவில். தலைப்பிலுள்ள திரைக்கு அர்த்தம் இதுதான். முன்னால் ஜனங்கள், பின்னால் கட்சிகள்.

பங்கேற்பு என்ற சொல்லை மந்திரம்போல் உச்சரித்துக்கொண்டு தேசம் தேசமாகப் போகும் ஆலோசகர்களின் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் நிதானமாக உட்கார்ந்து, 'போட்ட கடிதம் எங்கே போயிற்று?' என்று கேட்டது பெரிய காரியம். அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். என்னுடைய சண்டை அவருடைய முடிவோடு அல்ல. அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோலோடு.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1994ல் முதல் முறையாக எல்லோரும் வாக்களித்த தேர்தல். பாராளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து 490 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபை. தலைவர் சிரில் ராமபோசா. 1995ல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், ரேடியோவில் பேசினார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதினார்கள். எல்லாச் சுற்றும் சேர்த்து சுமார் 20 லட்சம் என்று கணக்கு. இதில் மிகப் பெரும் பகுதி, யாரோ ஒருவர் எழுதிய வாசகத்துக்குக் கீழே வரிசையாகப் போட்ட கையெழுத்துகள். தானே உட்கார்ந்து தன் வார்த்தையில் எழுதியவை சில ஆயிரங்கள்தான். 1995 நவம்பரில் நகல் தயாரானதும் அதைச் செய்தித்தாள் வடிவில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்து விநியோகித்தார்கள். ஆனால் முடிச்சு விழுந்த இடங்கள், அதாவது சொத்துரிமை, பள்ளிகளில் பயிற்று மொழி, முதலாளிகளின் கதவடைப்பு உரிமை ஆகியவை, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தேசியக் கட்சியும் மூடிய அறையில் பேசித்தான் அவிழ்ந்தன. 1996 மே 8ல் சபை ஏற்றது. செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. திருத்தி, டிசம்பரில் கையெழுத்தாயிற்று. இருபது லட்சத்தில் எத்தனை உள்ளே போயின? ஹட்சனின் பதில்: அநேகமாக ஒன்றுமில்லை.

சரி. ஆனால் கடிதங்களில் ஓங்கி ஒலித்த குரல்களில் ஒன்று மரண தண்டனை வேண்டும் என்பது. நகல் தயாராகிக்கொண்டிருந்தபோதே, 1995 ஜூனில், நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. சட்டப் பிரதியில் உயிர்வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று, எந்த விலக்கும் இல்லாமல், ஒரே வரி. அந்த வரியைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதே சமயம், அது ஜனங்களின் குரலைத் தள்ளிவிட்டு எழுதப்பட்ட வரி என்பதும் தெரிகிறது. ஹட்சனின் கணக்கில் இது பங்கேற்பின் தோல்விகளில் சேரும். நம்முடைய முற்போக்கு நண்பர்களின் கணக்கில் இது வெற்றி. இரண்டு கணக்குக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தூக்குத் தண்டனை வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட மனிதன் என்ன சொல்ல வந்தான் என்று இரண்டுமே கேட்பதில்லை. அவன் சட்டத் தத்துவம் பேசவில்லை. ராத்திரி வீட்டில் தூங்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பயத்துக்கு ஒரு விதி எண் கிடையாது. ஆகவே அதை நிராகரிக்கக்கூட முடியாது. அது எண்ணப்படாமல் போய்விடுகிறது.

மறுபுறம், எண்ணிக்கையில் வராத ஒரு விளைவு அதே பிரதியில் இருக்கிறது. பிரிட்டிஷ் சட்ட ஆங்கிலத்தின் முதுகெலும்பான 'ஷல்' என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடங்களில் 'மஸ்ட்' என்று நிற்கிறது. வாக்கியங்கள் குட்டையானவை. எளிய நடைக்கென்றே ஆலோசனை கேட்டு, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துத் திரும்ப எழுதினார்கள். எந்தக் கடிதமும் 'ஷல்'லை எடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டியதில்லை. நாற்பது லட்சம் பேர் கையில் போகப்போகிறது என்று தெரிந்தவன் வேறு மாதிரி எழுதுவான். இது ஒவ்வொரு எழுத்தாளனுக்கும் தெரிந்த விஷயம். வாசகன் யோசனை சொல்லிப் பிரதியை மாற்றுவதில்லை, இருப்பதனாலேயே மாற்றுகிறான். இந்தச் சிறுபத்திரிகை உலகத்தில், முந்நூறு பேருக்காக எழுதி எழுதி நம் வாக்கியங்கள் எப்படி ஆகிவிட்டன என்று பார்த்தாலே போதும், எதிர்த் திசையில் இதே உண்மை புரியும்.

ஆராய்ச்சிக்காரர் ஏன் இதை விட்டுவிடுகிறார்? புத்திக் குறைவால் அல்ல. ஆய்வு வாழ்க்கையின் ஆரம்பத்தில் இருப்பவனுக்கு அந்தத் துறை விதித்திருக்கிற நிபந்தனை அப்படி. மாறுவது எது, அதை மாற்றுவது எது என்று இரண்டைப் பிரித்துக் காட்டவேண்டும். பல தேசங்களில் ஒப்பிட்டுக் காட்டவேண்டும். எண்ணக்கூடியதாக இருக்கவேண்டும். கடிதத்தை 'முன்மொழிவு' என்று ஆக்கினால்தான் எண்ணலாம். எண்ணினால்தான் கட்டுரை. கட்டுரை இருந்தால்தான் வேலை. இதில் பரிகசிக்க ஒன்றுமில்லை. நம்முடைய தமிழ்த் துறைகளில் உவமைகளை எண்ணிப் பட்டம் வாங்கியவர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் கடிதத்தை முன்மொழிவாக்கும் அந்தக் கணத்தில் 'நாங்கள்' செத்துப்போகிறது என்பதை யாராவது சொல்லவேண்டும்.

பிரேசிலில் இந்தச் சாவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தோரு வருஷ ராணுவ ஆட்சி 1985ல் முடிந்தது. 1987 பிப்ரவரியில் நிர்ணய சபை கூடியது. அதற்கு முன்பே செனட் ஒரு படிவம் அச்சிட்டு நாடெங்கும் தபாலாபீஸ்களில் வைத்தது. தபால்தலை வேண்டாம். என்ன வேண்டும் என்று எழுதிப் போட்டால் போதும். வந்துசேர்ந்த யோசனைகள் 72,719. அத்தனையையும் செனட்டின் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். படிவத்தில் ஊர், வயது, ஆணா பெண்ணா, படிப்பு, வருமானம் எல்லாவற்றுக்கும் கட்டங்கள். எனக்கு இந்தப் படிவமே ஒரு கவிதைப் பொருளாகத் தோன்றுகிறது. மாசம் என்ன சம்பாதிக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஒரு தேசம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல முடியும்! இருபது வருஷம் வாய் திறக்காதிருந்த ஜனம் அந்தச் சின்ன இடத்தில் நிலம், கூலி, பள்ளிக்கூடம், பென்ஷன் என்று எழுதிற்று.

இரண்டாவது வழி, மக்கள் திருத்தம். மூன்று சங்கங்கள் பொறுப்பேற்று 30,000 வாக்காளர்களின் கையெழுத்தோடு ஒரு திருத்தத்தை நேரே சபைக்குக் கொண்டுபோகலாம். ஒருவர் மூன்று திருத்தங்கள் வரை கையெழுத்திடலாம். 122 திருத்தங்கள் வந்தன. கையெழுத்துகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல். அவற்றுக்காக ஒருவர் சபையில் நின்று பேசவும் அனுமதி இருந்தது. நிலச்சீர்திருத்தத்துக்காக மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து. ஆனால் சபைக்குள் நிலச்சுவான்தார்கள் ஜெயித்தார்கள். விளைச்சல் தரும் நிலத்தை நிலச்சீர்திருத்தத்துக்காக எடுக்கக் கூடாது என்று 185வது விதியில் எழுதிக்கொண்டார்கள். அது கணக்கில் தோல்வி. தோல்விதான்.

1987 செப்டம்பர் 4ல் நடந்தது வேறு. பூர்வகுடிகளின் உரிமைக்கான மக்கள் திருத்தத்துக்காகப் பேச அயில்டன் கிரெனாக் என்ற இளைஞர் மேடையேறினார். வெள்ளைக் கோட்டு. சபையின் ஆசாரப்படி பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், ஜெனிபாப்போ காயின் கருஞ்சாந்தை விரலில் எடுத்து முகத்தில் பூசிக்கொண்டார். பேச்சு முடிவதற்குள் நெற்றி, கன்னம், வாய் எல்லாம் கறுப்பு. துக்கத்தின் நிறம். 1988 அக்டோபர் 5ல் அமலான அரசியல் சட்டத்தில் பூர்வகுடிகளின் நில உரிமை 231வது விதியாக இடம்பெற்றது. ஆக, அட்டவணையில் இது வெற்றி வரிசையில் வரும். ஆனால் அந்த முகத்தை எந்த வரிசையில் வைப்பது? 'நாம்' என்று பேசவேண்டிய மண்டபத்துக்குள் புகுந்து, கடைசி நிமிஷம் வரை 'நாங்கள்' என்றே பேசிய செய்கை அது. விதி 231 அந்த முகத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டதோ அது சட்டம். எடுத்துக்கொள்ள முடியாமல் எதை விட்டதோ அது இலக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. கிரெனாக் 2023ல் பிரேசில் இலக்கிய அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பூர்வகுடியினரில் முதல் ஆளாக. முப்பத்தாறு வருஷங்கள் தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரேசிலைப் பற்றி இன்னொன்று. இத்தனை லட்சம் பேர் எழுதிய அந்தச் சட்டத்தின் முகப்புரை 'பிரேசில் மக்களாகிய நாம்' என்று தொடங்கவில்லை. பேசுகிறவர்கள் நிர்ணய சபையில் கூடிய மக்கள் பிரதிநிதிகள். தங்களைப் பிரதிநிதிகள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் இதை 'நாங்கள்' என்றுதான் பெயர்க்கவேண்டும். சபைத் தலைவர் உலிசெஸ் கிமராயிஸ் இதற்குக் குடிமக்களின் அரசியல் சட்டம் என்று பெயர் சூட்டினார். சூட்டட்டும். முகப்புரை அவரைவிட யோக்கியமானது.

ஐஸ்லாந்துக்கு வருவோம். ரெய்க்யவிக்கில் அரசாங்கக் கட்டிடத்தின் முன்னால் ஒரு சிலை நிற்கிறது: டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன். நீட்டிய கையில் ஒரு சுருள். 1874ல் அவர் அந்தத் தீவுக்கு வழங்கிய அரசியல் சட்டம். 1944ல் குடியரசானபோதும் பழைய டேனிஷ் அஸ்திவாரத்தின்மேல்தான் புதியது எழுந்தது. 2008ல் வங்கிகள் கவிழ்ந்தபோது, சட்டி பானையைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த ஜனங்களுக்கு, நமக்கென்று நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றிற்று. 2010 நவம்பரில் குலுக்கலில் தேர்ந்த சுமார் 950 பேர் ஒருநாள் உட்கார்ந்து பேசினார்கள். அதே மாதம் 25 இடங்களுக்கு 522 பேர் போட்டியிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது; பாராளுமன்றம் அதே ஆட்களைக் கவுன்சில் என்ற பெயரில் நியமித்தது. 2011ல் நான்கு மாதங்கள், எழுத எழுத நகலை இணையத்தில் வெளியிட்டுக்கொண்டே எழுதினார்கள். ஜனங்கள் அடியில் குறிப்பெழுதினார்கள். 25 பேரும் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் ஏற்றார்கள். ஹட்சன் கணக்கிட்டபடி, வந்த யோசனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பிரதியில் ஏதோ ஒரு மாற்றம் செய்தது. மூன்று தேசங்களில் இதுவே அதிகம். 2012 அக்டோபரில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், புதிய சட்டத்துக்கு இந்த நகலே அடிப்படையாகட்டும் என்றார்கள். இயற்கை வளங்கள் தேசத்தின் சொத்து என்பதற்கு எண்பது சதவீதத்துக்கு மேல்.

பிறகு பாராளுமன்றம் அதை வாக்கெடுப்புக்கே எடுக்காமல் 2013ல் கலைந்துபோயிற்று. முடிந்தது கதை.

ஹட்சனின் தராசில் மிகக் கனமான இந்தப் பிரதி, சட்டமாகாத பிரதி. இங்கே அவருடைய கோட்பாடு தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிறது. கட்சிகள் விலகி நின்றதால் ஜனங்களின் வார்த்தை உள்ளே போயிற்று. கட்சிகள் விலகி நின்றதாலேயே அதைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. இதை அவரும் அறிவார். ஆனால் எனக்கு இதில் வேறு ஒன்று தெரிகிறது. அந்த நகலின் முகப்புரையில் பேசுவது 'ஐஸ்லாந்து மக்கள்' அல்ல, 'ஐஸ்லாந்தில் வசிக்கும் நாம்'. ரத்தத்தை விட்டுவிட்டு இருப்பிடத்தைப் பிடித்துக்கொண்ட சொல். நேற்று வந்து இறங்கியவனும் இந்த 'நாம்'க்குள் உண்டு. இவ்வளவு விசாலமான ஒரு 'நாம்', எவ்வளவு அழகாக இருந்தாலும், எதிரே யாரையும் நிறுத்தாத 'நாம்'. மீன்பிடி உரிமைகளைக் கையில் வைத்திருந்தவர்கள் எதிரே இருந்தார்கள். அவர்களிடம் யாராவது 'நாங்கள்' என்று பேசியிருக்க வேண்டும்.

சிலியில் எதிர்த் திசையில் நடந்தது. 2022 நகலின் முகப்புரையில் முதல் சொல் 'நாம்' என்பதன் பெண்பால், அடுத்ததுதான் ஆண்பால். பல தேசிய இனங்கள் சேர்ந்த மக்கள் என்று அடுத்த வார்த்தை. ஒரு சொல்லைத் திறந்துகாட்டி, பார், உள்ளே எத்தனை 'நாங்கள்' இருக்கிறோம் என்று சொல்ல முயன்ற வாக்கியம் அது. எனக்கு அந்த முயற்சி பிடித்திருந்தது. 2022 செப்டம்பர் 4ல் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இதைப் பிற்போக்கின் சதி என்று முடித்துக்கொள்வது சுலபம். அங்கேயும் 15,000 கையெழுத்தோடு ஜனங்கள் விதிகளை முன்மொழியலாம். எல்லாவற்றையும்விட அதிகக் கையெழுத்து வாங்கியது, என் பென்ஷன் சேமிப்பில் கை வைக்காதே என்ற ஒன்று. சபை அதை நிராகரித்தது. விசாலமான இதயம் படைத்தவர்களுக்கும் தங்களுக்குப் பிடிக்காத 'நாங்கள்' உண்டு. மறு வருஷம் வலதுசாரிகள் எழுதிய நகலையும் அதே ஜனங்கள் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் வீட்டுக்குள் பார்ப்போம். இந்திய மக்களாகிய நாம் என்று எழுதிய சபையை இந்திய மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1946ல் வயது வந்தோரில் கிட்டத்தட்ட 28 சதவீதம் பேருக்குத்தான் வாக்கு. அவர்கள் தேர்ந்தெடுத்த மாகாண சபைகள் தேர்ந்தெடுத்த சபை அது. ஆகவே அந்த 'நாம்' ஒரு கற்பனை என்று அடித்துவிடலாம். அடித்தவர்கள் உண்டு. ஆனால் 1948 பிப்ரவரியில் நகல் வெளியானதும் நாடெங்கிலுமிருந்து சங்கங்களும் தனி ஆட்களும் டெல்லிக்கு எழுதித் தள்ளினார்கள் என்பதை ஓர்னித் ஷானியும் ரோஹித் டேயும் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கேட்கப்படாமலே எழுதியவர்கள்! படிவம் இல்லை, கட்டம் இல்லை, சுவரொட்டி இல்லை. யாரும் இவர்களை அழைக்கவில்லை என்பதாலேயே இவர்களுடைய 'நாங்கள்' கலப்படமற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை யோசனை உள்ளே போயிற்று என்று இங்கே கேட்டால் கிடைப்பது மிகச் சின்ன பதில். சட்டம் அமலாவதற்கு முன்பே, இது நம்மைப் பற்றியது என்று ஒரு கூட்டம் அதைப் படித்துக்கொண்டிருந்தது என்பதே பெரிய பதில்.

நம் இலக்கியத்துக்கு இதில் ஒரு படிப்பினை இருக்கிறது, சொன்னால் சிலருக்குக் கசக்கும். நம் புதுக்கவிதை 'நான்' என்று பேசிற்று. அதை எதிர்த்த முற்போக்கு 'நாம்' என்று பேசிற்று. இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் 'நாங்கள்' என்று பேச யாரும் இல்லை. மனு என்றால் நமக்குக் கேவலம். கெஞ்சல், புலம்பல், கலையற்றது. தலித் எழுத்து வந்து முகத்துக்கு நேரே 'நாங்கள்' என்று சொன்னபோது, இது இலக்கியமா மனுவா என்று கேட்டவர்கள் நம் வட்டத்தில்தான் இருந்தார்கள். மனுதான். மனுவைப் படிக்கத் தெரியாதவனுக்கு விமர்சகன் என்று என்ன பெயர்?

தென்னாப்பிரிக்கப் பிரதியில் தமிழ் என்ற சொல் இருக்கிறது. ஆறாவது பிரிவில், மதிக்கப்படவேண்டிய சமூக மொழிகளின் வரிசையில்: ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீஸ், தமிழ், தெலுங்கு, உருது. தெலுங்கின் பெயரை 'தெலெகு' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழர்கள் பெருமையோடு இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் தமிழின் பெயர் 1993ன் இடைக்கால அரசியல் சட்டத்திலேயே வந்துவிட்டது. அது கெம்ப்டன் பார்க்கில் கட்சிகள் பேசி முடித்த பிரதி. ஜனங்களை எழுதச் சொல்வதற்கு இரண்டு வருஷம் முன்னால். ஹட்சன் சொன்னது சரி என்பதற்கு நம் மொழியே சாட்சி. அந்தச் சொல் அங்கே இருக்கிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அநேகமாக வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள்.

தமிழ்ச் சொல் ஒன்றின்மேலேயே ஒரு அரசியல் சட்டத்தின் பாரம் முழுவதும் ஏறிய இடம் இலங்கை. 1972 சட்டம் எழுதப்பட்டபோது, மொழி பற்றிய தங்கள் தீர்மானங்கள் தோற்றதும் தமிழரசுக் கட்சியினர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஜனங்களைக் கேட்பது என்பது வெகுகாலம் கழித்து, போரெல்லாம் முடிந்த பிறகு, 2016ல்தான் வந்தது. லால் விஜேநாயக்க தலைமையில் ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் உட்கார்ந்தது. அந்த வருஷம் மே மாதம் அறிக்கை வந்தது. ஒற்றையாட்சியா, சமஷ்டியா என்ற இடத்தில் உறுப்பினர்கள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனதாக நடிக்கவும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றுகளை அருகருகே அச்சிட்டார்கள். நான் இதுவரை சொன்ன எல்லா ஆவணங்களிலும் 'நாங்கள்' பன்மையாகவே உயிரோடிருக்கும் ஆவணம் இதுதான். அரசியல் விஞ்ஞானியின் பார்வையில் இது முடிவெடுக்காத அறிக்கை.

2017 செப்டம்பரில் வந்த இடைக்கால அறிக்கையில் புத்திசாலிகள் முடிவெடுத்தார்கள். சிங்களத்தில் 'ஏக்கீய ராஜ்ய' என்று இருக்கட்டும், அது அவர்களுக்கு ஒற்றையாட்சி என்று கேட்கும். தமிழில் 'ஒருமித்த நாடு' என்று போடுவோம், அது இவர்களுக்குச் சேர்ந்து வாழும் நாடு என்று கேட்கும். ஆங்கிலப் பிரதியிலும் மொழிபெயர்க்காமல் இந்த இரண்டு சொற்களையுமே வைத்துவிடுவோம். கெட்டிக்காரத்தனம்தான். சொல்லின் இரண்டு முகங்களையும் தெரிந்துகொண்டு செய்த காரியம், ஒரு கவிஞன் செய்யக்கூடியது. ஆனால் கவிஞன் இரண்டு அர்த்தத்தையும் ஒரே வாசகனுக்குத் தருவான். இவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சிங்களப் பக்கம் தமிழ்ச் சொல்லைச் சந்தேகித்தது, தமிழ்ப் பக்கம் சிங்களச் சொல்லைச் சந்தேகித்தது. இரண்டு பேருமே சரியாகத்தான் படித்தார்கள்.

அந்த முயற்சி அங்கேயே நின்றுபோயிற்று. 2020ல் புதிய அரசாங்கம் புதிய நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. குழு பொதுமக்களிடமிருந்து யோசனைகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. நான்கு வருஷம் முன்னால் எழுதிக் கொடுத்ததன் நகலை வைத்திருந்தவர்கள், தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பியிருப்பார்கள்.